கிளமெண்ட் எழுதிக்கொள்வது

...இல்லை, முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும், சுற்றி வளைத்தால் வாய் வேறெங்காவது போய்விடும், தம்பி, கிளமெண்ட் இல்லை, அம்புட்டுத்தான், ஆனால் இல்லை என்றால் அவன் என்ன நினைப்பான், வரவில்லை என்றுதானே நினைப்பான், அண்ணனுக்கு வேலை வந்துருச்சாக்கா என்பான்... இறந்துட்டாரு என்றே சொல்லிவிடலாம், பள்ளிக்கூட இரங்கல் கூட்டத்தில் ஹெட்மாஸ்டர் முதற்கொண்டு எல்லாரும் அப்படித்தானே சொன்னார்கள், ஆனால் அதைக் கேட்டு அவன் சிரித்துவிடக்கூடும், என்னக்கா வெளாடுறீங்களா, நேத்து சாயங்காலம்கூட எனக்கு எழுதுனாரே, கட்டாயம் வாரேன் தம்பின்னு எழுதுனாரே என்பான், அப்போது, அதை எழுதியது நான் என்று சொல்ல வேண்டும், அந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் ஜெஸிக்கு ஒத்திகை நின்றுபோனது. கோச்சடையில் பேருந்து ஏறியதிலிருந்து மூன்று தடவை ஆரம்பித்துவிட்டாள், காளவாசல் தாண்டியாயிற்று, இன்னும் அந்த வாக்கியத்தைத் தாண்டவில்லை. முப்பத்து மூன்று வயது, ஒன்பது வருஷமாக மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அறுபது பிள்ளைகள் முன்னால் நின்றால் பேச்சு ஒரு நாளும் தடுமாறியதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு கிளம்பியிருந்தாள், அம்மாவிடம் பத்தாங்கிளாசுக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லியிருந்தாள், அம்மா இன்னாசியம்மாள் 'ஞாயித்துக்கெழமையுமா' என்று மட்டும் கேட்டுவிட்டுக் குடையை எடுத்து நீட்டினாள், பூசையில் நன்மை அப்பம் வாங்கிய நாக்கு, அது கரைந்து அரை மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் ஒரு பொய்... பழகிவிட்டது, ஒன்பது மாதமாகப் பழகிவிட்டது.

கிளமெண்ட் அவள் அண்ணன், மூன்று வயது மூத்தவன், அதே பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் கிளார்க், மாற்றுச் சான்றிதழ் எழுதுவதும் மாணவர் பதிவேடு தைப்பதும் அவன் வேலை, போய்வர ஒரு மொபெட், அதிலும் பின்னால் தங்கச்சி உட்கார்ந்தால் மேட்டில் இறங்கித் தள்ள வேண்டும். சொந்தமாக ஒரு கார் வாங்குகிற நினைப்புகூட அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை, ஆனால் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தான், வருஷத்துக்கு ஒரு தடவை அதை வெளியில் எடுத்துத் துடைத்து வைப்பான். ஆபீஸ் விட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவான், கார்ப் பைத்தியங்கள் கூடிப் பேசுகிற ஓர் இணையதளம், அதில் தமிழ்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் தனியாக ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் தட்டித் தட்டி, சென்னையிலிருந்து விஜய்ஆனந்த் என்று ஒரு சாப்ட்வேர்க்காரர், கோயம்புத்தூரிலிருந்து ஹரிராம், துபாயில் ஒருவர், எல்லாரும் 'கிளமெண்ட் அண்ணே என்ன சொல்றாரு' என்று இவன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் எந்த வண்டியும் ஓட்டினதில்ல, படத்தப் பாத்துத்தான் சொல்றேன் என்று முதலிலேயே எழுதிவிடுவான், அதனால்தான் அவன் சொன்னதை எல்லாரும் நம்பினார்களோ என்னவோ. போர்ஷேக்காரன் பந்தயக் கார் செய்துகொண்டிருந்தவன், திடீரென்று கயென் என்று யானை மாதிரி ஒரு வண்டி செய்துவிட்டான், அது கிளமெண்டுக்குப் பொறுக்கவில்லை, என்ஜின் சாமி, மூஞ்சி பேய் என்று எழுதினான், பந்தயக் காரோட கண்ணப் புடுங்கி யானைக்கு வச்சிருக்கான், அந்த ஹெட்லைட்ட மட்டும் மாத்தட்டும், அப்பறம் பாருங்க... வீட்டில் சாப்பிடும்போதும் இதே பேச்சுத்தான். கயென்னா ஒரு மொளகாயோட பேரும்மா என்று சொன்னபோது அம்மா, 'மொளகாப் பேரா வச்சான் வண்டிக்கி, அப்ப நம்மூர்க்காரன் கத்திரிக்கான்னு ஒண்ணு விடட்டும்' என்றாள், கிளமெண்ட் புரையேறிச் சிரித்தான், அந்தச் சிரிப்பு... ஆரப்பாளையத்தில் ஒரு கும்பல் ஏறியது, ஜெஸி ஜன்னல் பக்கம் ஒடுங்கிக்கொண்டாள், புது வடிவம் வரப்போகிறது என்று சேதி வந்ததிலிருந்து அவன் அதற்காகத்தான் காத்திருந்தான், படம் வெளியானது டிசம்பர் முதல் வாரம், அவன் போனது நவம்பர் பதினைந்து.

செவ்வாய் ராத்திரி தூங்கவில்லை போலிருக்கிறது, புதன்கிழமை காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான், ஒரு கை நெஞ்சில், அவள் தலை பின்னிக்கொண்டே அந்தப் பக்கம் போனாள், அன்றைக்கு முதல் பீரியடில் மாதத் தேர்வு, கேள்வித்தாளை அவள்தான் எடுத்துப் போக வேண்டும். ஜெஸி, நெஞ்சு என்னமோ பண்ணுது என்றான். முட்டைப் பரோட்டாவைத் தின்னுட்டு அந்தப் பொட்டி முன்னாடியே உக்காந்திருந்தா பண்ணாம என்ன பண்ணும் என்றாள். எரியல ஜெஸி, யாரோ ஏறி உக்காந்திருக்க மாதிரி இருக்கு என்றான், இதை அவன் கெஞ்சலாகச் சொன்னானா, சும்மா சொன்னானா, எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அந்தக் குரல் மட்டும் சரியாக வரமாட்டேன் என்கிறது, அவள் ஓமத்தண்ணி எடுத்துக் கொடுத்தாள், குடி, சரியாயிரும், பதினொரு மணிக்கு ஆபீசுக்கு வந்துரு, நான் சொல்லிக்கிறேன்... அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள், மூன்று நிமிஷம், மூன்று நிமிஷம் நின்று முகத்தைப் பார்த்திருந்தால் போதும், வாசலில் ஆட்டோ நிற்கும் தெரு. பத்தரை மணிக்கு பியூன் தவசி வகுப்பு வாசலில் வந்து நின்றான், டீச்சர், கிளமெண்ட் சாரு... என்று இழுத்தான், அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் திரும்பிக் கரும்பலகையில் பாதியில் நின்ற அந்தக் கணக்கைப் போட்டு முடித்தாள், எக்ஸ் இஸ் ஈக்குவல் டு நாலு, அடியில் கோடு போட்டாள், சாக்பீசை வைத்தாள், கையைத் தட்டினாள், அப்புறம்தான் வெளியே போனாள். இதைத் தவசி யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மாட்டுத்தாவணியில் இறங்கி அழகர்கோவில் வண்டிக்கு நடந்தபோது பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகை வாடையும் அழுகின வாழை மட்டை வாடையும் சேர்ந்து அடித்தது, ஆவணி முகூர்த்தம், மூட்டை மூட்டையாகப் பூ போய்க்கொண்டிருந்தது, அடக்கத்தன்றைக்கும் இம்புட்டுப் பூ... சொல்லத்தான் உட்கார்ந்தாள், சத்தியமாகச் சொல்லத்தான் உட்கார்ந்தாள், அடக்கம் முடிந்து மூன்று வாரம் கழித்து, அவன் சிநேகிதர்களுக்கும் ஒரு வார்த்தை தெரிவித்துவிட வேண்டும் என்றுதான் கம்ப்யூட்டரைத் திறந்தாள், பாஸ்வேர்டுகூடக் கேட்கவில்லை, நேராக உள்ளே போனது, உள்ளே போனால் ஒரே திருவிழா, படம் வந்திருச்சு, படம் வந்திருச்சு, கிளமெண்ட் அண்ணே எங்க போனீங்க, ஹெட்லைட்ட மாத்திட்டான், நீங்க கேட்ட மாதிரியே மாத்திட்டான், வாங்கண்ணே வந்து தீர்ப்பச் சொல்லுங்க, நாற்பது ஐம்பது பேச்சு அப்படி, அவள் அந்தப் படத்தைப் பார்த்தாள், அவன் பார்க்க வேண்டிய படம், கண் ஒடுங்கி, மூக்கு கூர்மையாகி, கன்னத்தில் சதை வற்றி... அவன் என்ன சொல்லியிருப்பான் என்று அவளுக்கு எழுத்து எழுத்தாகத் தெரிந்தது, விரல் அதைத் தட்டிவிட்டது, 'இப்பத்தான்டா யானைக்கு யானைக் கண்ணு வச்சிருக்கான்.' தட்டிவிட்டுத் திரையையே பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அண்ணே, அண்ணே, வந்துட்டீங்களாண்ணே என்று எட்டுப் பேர்... பக்கத்து அறையில் அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கம் கிளமெண்ட் உயிரோடு இருந்தான், ஒரு வரி நீளத்துக்கு. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று மூடினாள். மறுநாள் ஒருவர் என்ஜினைப் பற்றிக் கேட்டிருந்தார், ஐந்நூறு குதிரை சக்தி வச்சு நம்ம ரோட்டுல என்னண்ணே செய்யிறது என்று, அதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் மரியாதையாக இருக்காதே என்று...

அழகர்கோவில் வண்டியில் மொட்டை போடப் போகிற பிள்ளைகளும் பானகக் குடமுமாக ஒரே கூட்டம், கடைசிக்கு முந்தின சீட்டில் இடம் கிடைத்தது. அவன் மாதிரி எழுதியதோடு நின்றிருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொள்ளலாம், இறந்தவன் குரலைக் கொஞ்ச நாள் அணையாமல் வைத்திருந்தேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லலாம், அதைக்கூடச் சொல்லவில்லை, பொய் சொன்னேன் சாமி என்று மட்டும் சொன்னாள், எத்தனை தடவை என்றார், கணக்கு டீச்சருக்கு எண்ணிக்கை தெரியவில்லை. பிப்ரவரியில் ஒரு நாள் கயென்னின் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தோன்றிவிட்டது, பழைய முகம்தான் நன்றாக இருக்கிறது, அது யாருக்காகவும் முறைக்கவில்லை, அசட்டு முகம்தான், ஆனால் அதன் சொந்த முகம், புதியது ஊரார் பேச்சைக் கேட்டுக் கேட்டு இறுகிப்போன முகம். அதை அப்படியே எழுதிவிட்டாள். கிளமெண்ட் பேரில், கிளமெண்ட் நான்கு வருஷமாகச் சொன்னதற்கு நேர் எதிராக. பக்கமே தீப்பிடித்தது, விஜய்ஆனந்த் விடிய விடிய வாதாடினார், என்னண்ணே இப்படி மாறிட்டீங்க, அடியோட சாய்க்கிறீங்களே, அவள் கோணம் கோணமாகக் கோடு இழுத்து, பானெட் நீளத்துக்கும் விளக்கு அகலத்துக்கும் விகிதம் போட்டுக் காட்டினாள், ஸ்கேலும் பென்சிலுமாக ஒரு வாரம், ஜென்மத்தில் அப்படி ஒரு வாரம் இருந்ததில்லை, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போதுகூட உள்ளே ஒரு சந்தோஷம் ஊறிக்கொண்டே இருந்தது, சாயங்காலம் போய் விஜய்ஆனந்துக்கு என்ன பதில் கொடுப்பது என்று... அண்ணன் செத்து மூன்று மாதம், அவன் நாற்காலி, அவன் பேர், அவன் கருத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தன் கருத்தை வைத்துவிட்டு, சந்தோஷம். அந்த வாரத்தில்தான் ஒரு நாள் அவள் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள், கிளமெண்ட், ஆறிப்போகுதுப்பா, சாப்பிட வா. தட்டுகிற சத்தம் நின்றது. அடுப்படியிலும் சத்தம் நின்றது. இரண்டு பேரும் அதைப் பற்றி இன்றுவரை பேசவில்லை.

ஆனால் எல்லாவற்றையும்விடக் கேவலமானது அந்த ஜனவரி விஷயம், அதை நினைக்க வரும்போதெல்லாம் மனசு பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்து ஓடிவிடும், இன்றைக்கு ஓட முடியாது, அப்பன்திருப்பதி வந்துவிட்டது, மலை தெரிகிறது. ஜனவரியில் ஒரு சாயங்காலம், எதற்கென்று தெரியாமல், இல்லை, எதற்கென்று நன்றாகத் தெரிந்துதான், கிளமெண்ட் பேரில் எழுதினாள், 'நெஞ்சு என்னமோ பண்ணுது, யாரோ ஏறி உக்காந்திருக்க மாதிரி இருக்கு.' அனுப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மனுஷன் இதைக் கேட்டால் என்ன சொல்வான், அதைப் பார்க்க வேண்டும் அவளுக்கு. இரண்டாவது நிமிஷம் விஜய்ஆனந்த், அண்ணே வெளாடாதீங்க, ஒடனே ஆட்டோ புடிங்க. நான்காவது நிமிஷம் துபாய்க்காரர், பக்கத்துல யாராவது இருக்காங்களா, கூப்பிடுங்க. ஐந்தாவது நிமிஷம் ஹரிராம், எங்கப்பாவுக்கு இப்படித்தாண்ணே ஆரம்பிச்சுச்சு, படுத்துறாதீங்க, நான் வேணா வரவா, நாலரை மணி நேரத்துல வந்துருவேன். முகம் பார்த்திராதவர்கள். நூறு மைல், முந்நூறு மைல், கடல் தாண்டி என்று தள்ளி இருந்தவர்கள். ஒருவர்கூட ஓமத்தண்ணி என்று சொல்லவில்லை. அவள் அரை மணி நேரம் கழித்து, வாயுதான், ஏப்பம் வந்து சரியாயிருச்சு என்று எழுதினாள், எல்லாரும் அப்பாடா என்றார்கள், அப்பாடா...

அதற்கப்புறம்தான் ஹரிராம் தனியாக எழுதுவது கூடியது, கிளமெண்ட் இருந்தபோதே எப்போதாவது எழுதுகிறவன்தான். பரமக்குடிக்காரன், சௌராஷ்டிரக் குடும்பம், தறியை விட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் முதலாளியிடம் டிரைவர், இணையதளத்தில் மற்றவர்களுக்கு அது தெரியாது, கிளமெண்டுக்கு மட்டும் சொல்லியிருந்தான், நீங்க வண்டி இல்லேன்னு தைரியமாச் சொன்னீங்கண்ணே, அதான் உங்ககிட்டச் சொல்லுறேன் என்று. அந்த நம்பிக்கை கிளமெண்ட் சம்பாதித்தது, அனுபவித்தது அவள். ஏப்ரலில் ஒரு நீளமான கடிதம், ஒரு கல்யாண மண்டப வாசலில் வண்டியை ரிவர்ஸ் எடுத்தபோது தூணில் உரசிவிட்டது, முதலாளி இறங்கிவந்து நூறு பேர் முன்னால் கன்னத்தில் அறைந்தார், மகள் ஸ்வப்னாவை அன்றைக்குக் கூட்டிப்போயிருந்தான், ஏழு வயது, பார்த்துக்கொண்டிருந்தாள், இத என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லலண்ணே, ஆம்பளைக்கு ஆம்பள உங்ககிட்டத்தான்... அந்த 'ஆம்பளைக்கு ஆம்பள'யில் கண் நின்றுவிட்டது அவளுக்கு, அங்கேயாவது நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தாமல் எழுதினாள், கீறல் வண்டியிலதான் தம்பி, உங்க மேல இல்ல, மகளுக்கு அது தெரியும். எழுதியதை நான்கு தடவை படித்துப் பார்த்தாள், நல்ல வாக்கியம் என்று நினைத்தாள், ஒருவன் அழுதுகொண்டு நிற்கிறான், இவள் வாக்கியத்தின் அழகைப் பார்க்கிறாள். அதே முதலாளிதான் இப்போது புதுக் கயென் வாங்கியிருக்கிறார், அழகர்கோவில் பதினெட்டாம்படியான் சாமிக்கு முன்னால் பூசை போடக் குடும்பத்தோடு வருகிறார், நாந்தாண்ணே ஓட்டிட்டு வாரேன், அவங்க சாமி கும்பிட்டு வர ஒரு மணி நேரம் ஆகும், நீங்க வரணும், உங்கள அந்த சீட்டுல உக்கார வச்சுப் பாக்கணும், வேற எனக்கு ஒண்ணும் வேணாம்ணே... போன் நம்பர் கேட்டான், ரிப்பேர் என்றாள், எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது என்றான், வண்டிய வச்சு நானே கண்டுபிடிச்சுர்றேன் தம்பி என்றாள். வர முடியாது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை? நேரில் சொல்வதுதான் நியாயம் என்று, ஆமாம், அதற்காகத்தான்.

கோட்டை வாசலுக்குள் பேருந்து நின்றது, குரங்குகள், தேங்காய் பழக் கடைகள், பொரிகடலை, புளியமரத்து நிழலில் வரிசையாக வேன்கள், அவற்றுக்கு நடுவே அது நின்றது, கருநீலம், பானெட் முழுக்கச் சாமந்தி மாலை, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் நசுங்கிய எலுமிச்சம்பழம், இரண்டு ஹெட்லைட்டிலும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தது. பக்கத்தில் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்டில் ஒல்லியாக ஒருவன், கையில் சின்னக் கம்பை வைத்துக் குரங்கை விரட்டிக்கொண்டே வருகிற ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு நரைமீசைக்காரரைப் பார்த்துப் பாதி சிரித்தான், அவர் கடந்துபோனதும் சிரிப்பை மூடிக்கொண்டான். திரும்பிப் போய்விடலாம், இப்போதுகூடப் போய்விடலாம், அவளை யாருக்கும் தெரியாது, கால் மட்டும் முன்னால் போனது.

"தம்பி... ஹரிராமா?"

"ஆமாங்க்கா. நீங்க..."

"நான் கிளமெண்ட் தங்கச்சி."

அந்த முகம் மலர்ந்ததை அவள் பார்த்திருக்கக் கூடாது. "அண்ணே எங்கக்கா? எங்கயாச்சும் தூரத்துல நின்னு பாக்குறாரா? எனக்குத் தெரியும், கூச்சப்படுவாருன்னு. கூப்பிடுங்க, இன்னும் அரை மணி நேரம் இருக்கு, முதலாளி குடும்பம் உள்ளதான் இருக்கு." சொல்லிக்கொண்டே டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தான், சீட்டின் மேல் மடிப்புக் கலையாத வெள்ளைத் துண்டு ஒன்று விரித்திருந்தது. "புதுசுக்கா, அண்ணனுக்குன்னு வாங்குனேன். பழனி தாண்டுனதுல இருந்து இதே நெனப்பு, அண்ணே உக்காந்து கதவச் சாத்திட்டு மொத வார்த்தை என்ன சொல்வாருன்னு."

ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. "எங்கண்ணன் தவறிட்டாரு தம்பி" என்றாள், "போன நவம்பர்ல. நெஞ்சு வலி."

அவன் சிரிக்கவில்லை. கம்பைக் கீழே வைத்தான். விரலைக் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான், டிசம்பர், ஜனவரி, எண்ணிக்கொண்டே வந்து நிறுத்தினான். "நேத்து எழுதுனது?"

"நான்."

"படம் வந்தன்னைக்கு, யானைக்கு யானைக் கண்ணுன்னு..."

"நான்தான்."

"பழைய மூஞ்சிதான் நல்லாருக்குன்னு சண்ட போட்டது?"

"அதுவும் நான்தான்."

"ஜனவரில நெஞ்சு வலின்னு எழுதுனீங்களேக்கா" என்றான், "அன்னைக்கு நான் முதலாளிகிட்ட லீவு கேட்டு நின்னேன். கோனியம்மனுக்குக் காசு முடிஞ்சு வச்சேன். சரியாயிருச்சுன்னு சேதி வந்தப்பறந்தான் சோறு தின்னேன். அப்பவே அண்ணே..." மேலே சொல்லாமல் வீட்டு பாஷையில் என்னமோ முணுமுணுத்தான், அவளுக்கு விளங்கவில்லை, பிறகு அவனுக்கு வேறொன்று ஞாபகம் வந்திருக்க வேண்டும், கை தானாக எழும்பிக் கன்னத்தைத் தொட்டது, அவளைப் பார்த்தான், அவள் தலையை ஆட்டினாள், ஆமாம், அதையும் நான்தான் படித்தேன். அவன் முகம் கறுத்துச் சுருங்கியது.

"ஏங்க்கா?"

கணக்கு டீச்சர், விடை தெரியாத கேள்விக்குப் பிள்ளைகளை நிற்க வைப்பவள், நின்றாள். விட முடியலன்னு சொல்லலாமா, அவன் சாகலன்னு யாராவது நாலு பேரு நம்பட்டும்னு சொல்லலாமா, எல்லாம் பாதி உண்மை... அவன் வண்டிப் பக்கம் திரும்பிக் கூரையில் கையை ஊன்றித் தலையைக் கவிழ்த்துக்கொண்டான், தோள் குலுங்கியது, முகம் பார்க்காத ஒருவனுக்காக ஒன்பது மாதம் தாமதமாக அழுகிறான், அந்த நேரத்தில், ஆண்டவரே, அந்த நேரத்தில் அவள் கண் ஹெட்லைட்டில் நின்றது. சந்தனத்துக்கு அடியில் அந்தக் கண்ணாடி நிழலிலும் ஈரமாக மினுங்கியது, படத்தில் முறைப்பாகத் தெரிந்தது நேரில் முறைப்பாக இல்லை, பானெட் மடிப்பு வந்து அதில் இறங்குகிற அந்தக் கோடு படத்தில் விழவே இல்லை, விகிதம் போட்டதெல்லாம் தப்பு, கிளமெண்ட் பார்த்திருந்தால்... இல்லை, கிளமெண்ட் இல்லை, எனக்குத்தான் பிடித்திருக்கிறது, நான் இதைப் பார்க்கத்தான் வந்தேன். சொல்ல வந்தேன், அதுவும் சரி. ஆனால் காலையில் குடையை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது உள்ளே குறுகுறுவென்று இருந்ததே, அது சொல்லப்போகிற பயம் மட்டும் இல்லை.

"எது வரைக்கும் அண்ணே?" ஹரிராம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"என்ன தம்பி?"

"எனக்கு வந்ததுல. எது வரைக்கும் அண்ணே எழுதுனது, எதுல இருந்து நீங்க?"

"நவம்பர் பதினாலு வரைக்கும்."

"நவம்பர் பதினாலு" என்று அவன் திருப்பிச் சொல்லிக்கொண்டான், பிள்ளைகள் சூத்திரத்தை மனசில் இருத்துகிற மாதிரி. பிறகு சீட்டில் குனிந்து அந்தத் துண்டை எடுத்தான், நாலாக மடித்தான், எட்டாக மடித்தான், அதை வைக்க இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். வாசல் பக்கம் பட்டுச்சேலைகள் தெரிந்தன. "தள்ளி நில்லுங்கக்கா, முதலாளி வாராரு." அவள் நகர்ந்தாள். "வேற யாருகிட்டயும் நான் சொல்லமாட்டேன்" என்று தலையைத் திருப்பாமலே சொன்னான், "ஆனா எனக்கு இனிமே எழுதாதீங்க. கும்புடுறேன்." ஓடிப்போய் எதிர்க் கதவைத் திறந்தான், பருமனான மனிதர் விபூதி நெற்றியோடு ஏறினார், பெண்கள் ஏறினார்கள், கதவுகள் ஒவ்வொன்றாக மூடின, வண்டி குரங்குகளை ஒதுக்கிக்கொண்டு சத்தமே இல்லாமல் நகர்ந்து போனது, கண்ணாடிக்கு உள்ளே அவன் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்புகிற பேருந்தில் பக்கத்தில் ஒரு கிழவி மடியில் நாவல்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள், கண்டக்டர் அவளை மாயக்கா என்று பேர் சொல்லி அழைத்துச் சில்லறை கொடுத்தான், வழியிலிருக்கிற கள்ளந்திரி ஆள் போலிருக்கிறது. ஜெஸி ஜன்னல் பக்கம் திரும்பி விஜய்ஆனந்துக்கும் மற்றவர்களுக்கும் எழுத வேண்டியதை நினைத்தாள், இன்றைக்கே எழுத வேண்டும், யார் பேரில் எழுதுவது, அந்தப் பக்கத்தில் ஜெஸி என்று ஒருத்தி இல்லவே இல்லையே, கிளமெண்ட் இறந்துவிட்டான் என்று கிளமெண்ட்தானே எழுத வேண்டும்... எழுதியதும் அந்த ஏழெட்டுப் பேரும் போய்விடுவார்கள், சாயங்காலம் ஐந்து மணி வெறும் ஐந்து மணியாக இருக்கும், வண்டியை நேரில் பார்த்தேன், நான் சொன்னது தப்பு என்று சொல்லக்கூட ஆள் இருக்காது, ஹரிராம் இனி எழுதமாட்டான், ஸ்வப்னா எந்தக் கிளாசில் சேர்ந்தாள் என்று தெரியாது... கன்னம் நனைவது வெயிலுக்கு என்று முதலில் நினைத்தாள். பிறகு மூச்சே முட்டியது, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள், நவம்பரில் சவப்பெட்டியை மூடியபோது வராதது, முப்பதாம் நாள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றியபோது வராதது, எல்லாம் சேர்ந்து வந்தது, ஆனால் இது அவனுக்காக வந்ததா, ஐந்து மணிக்காக வந்ததா, பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"என்னத்தா" என்று கிழவி அவள் முழங்காலைத் தொட்டாள், "யாரும் போயிட்டாகளா?"

"அண்ணன்" என்றாள் ஜெஸி.

"அய்யோ... எப்பத்தா?"

நவம்பர் பதினைந்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இப்பத்தான்" என்றாள்.